மூன்று மணிக்கு அடுப்படியில் வெளிச்சம்

போன வாரம் காலை ஒன்பதரை மணி கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பிள்ளை உறங்கிவிட்டாள். முதலாம் ஆண்டு, டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தாள். பியூரெட் குழாயைத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருக்கிறாள். நான் போய்ப் பார்க்கும்போது ஒரு சொட்டில் நிறுத்த வேண்டிய இடத்தில் ஐம்பது மில்லியும் இறங்கி முடிந்து ஃபிளாஸ்க் முழுக்க அடர்ந்த ரோஸ் நிறம். தோளைத் தொட்டதும் பதறி எழுந்தாள். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள், கண் கலங்கிவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ராத்திரி எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று.

"நாலு மணி இருக்கும் மிஸ்."

"பரீட்சைக்குப் படிச்சியா?"

"இல்ல மிஸ். எனக்கு உறக்கம் வராது. எட்டாங்கிளாஸ் லாக்டவுன்ல இருந்தே இப்படித்தான்."

எட்டாம் வகுப்பு என்றால் 2020. ஐந்து வருடமாக ஒரு பிள்ளை விடியக்காலம் நாலு மணிக்கு உறங்கி, ஏழு மணிக்கு எழுந்து பஸ் ஏறி வருகிறாள், அதை அவள் ஒரு சீக்காக நினைக்கவில்லை, தன் குணம் மாதிரி சொல்கிறாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு எதிலும் மனது நிற்கவில்லை. ஏனென்றால் நானும் அந்த நாலு மணியில் இருந்தவள்தான். என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் எங்க அப்பா. அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

2020 மார்ச்சில் நான் பி.எஸ்ஸி இரண்டாம் ஆண்டு. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். தினமும் வீட்டில் இருந்து பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை, சாயங்காலம் அதே இரண்டு கிலோமீட்டர் திரும்பி. மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, மறுநாளில் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஹாஸ்டல் பிள்ளைகள் பெட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போயிருந்தார்கள், இருபது நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்து. எங்கள் கல்லூரிக் கதவு எங்களுக்குத் திறக்க அந்த வருடம் டிசம்பர் ஆனது.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். சக்கை சீசன், எங்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர். காலையில் சக்கை அவியல், மத்தியானம் சக்கைக்குரு போட்ட குழம்பு, ராத்திரி சக்கைப்பழம். துறைமுகங்களை மூடியதால் மீன் கிடையாது, எங்கள் அம்மச்சிக்கு அதுதான் பெரிய துக்கம், மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு, சாளை மீன் இல்லாமல் இதை எப்படி இறக்குவது என்று தினமும் கேட்பாள். அம்மா வேலை பார்த்த அண்டி ஆபீஸை, அதாவது முந்திரி ஆலையை, அடைத்துவிட்டார்கள். அப்பா ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர், தோட்ட வேலைக்கு விலக்கு வரும்வரை அவரும் வீட்டில். ஐந்து பேர், இரண்டு அறை, ஒரு போன் என்னுடையது, ஒரு போன் அப்பாவுடையது, அப்பாவுடையதில் தம்பிக்குப் பள்ளிக்கூடப் பாடம்.

பகலில் அந்த வீட்டில் தனியாக உட்கார ஒரு மூலை கிடையாது. அதனால் ராத்திரி எல்லாரும் படுத்த அப்புறம் கிடைக்கிற அமைதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முதலில் பன்னிரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. யாரிடமும் பேசப் போவதில்லை, எதுவும் படிக்கப் போவதில்லை, போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது, மாவட்டத்தில் இன்றைக்கு எத்தனை பேருக்கு என்று பார்ப்பது, கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது, மறுபடியும் தள்ளுவது. காலையில் பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு. வீட்டுக்குள் சிக்னல் வராது, பின்பக்கம் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால் இரண்டு கட்டை வரும். அட்டெண்டென்ஸ் எடுக்கிறவரை பாறைமேல் இருந்துவிட்டு, மியூட்டில் போட்டு வந்து படுத்துவிடுவேன். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்தோம் என்பது அப்புறம் பேசும்போதுதான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் ஒவ்வொருத்தரும் தன்னை மட்டும் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

உறக்கம் உடைந்தால் உடம்பில் ஒவ்வொன்றாக எப்படி உடையும் என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன். காலைச் சாப்பாடு போனது, எழுவதே பதினொன்றுக்கு. ராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கும், டப்பாவில் இருக்கிற மிக்சரையோ ஏத்தங்காய் சிப்ஸையோ தின்பேன். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது ஐம்பது நாள், அறுபது நாள் என்று தள்ளிப்போனது, அம்மாவிடம் சொல்ல வெட்கம், வெட்கத்தைவிடவும் டாக்டரிடம் போக வேண்டி வருமோ, ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய் தொற்றுமோ என்ற பயம். தலைவலி. ஒன்றுமே இல்லாத காரியத்துக்குத் தம்பிமேல் எரிந்து விழுவது. வாரத்துக்கு இருபது கிலோமீட்டர் நடந்த கால், பாறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுபோனது. ஆண் பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்தது, போலீஸ் பார்க்காத ஆற்றங்கரை, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வாலிபால் நெட். எங்களுக்கு வாசல்படிக்கு வெளியே போனால் "எங்கே?" என்று நாலு வாய் கேட்கும். ஊரடங்கு எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஒரு சுற்று உள்ளே வந்தது. இதை யாரும் அப்போது பேசவில்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி குளச்சல் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. அவள் அப்பா ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நம்ம மாவட்டத்தில் இருந்து போன எத்தனையோ பேர் அப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அவர்களைக் கூட்டிவர கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் போய், 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தது, 687 பேரோடு. அதில் அவள் அப்பாவும் இருந்தார். அதுவரை மூன்று மாதத்துக்கு மேல் அவள் ராத்திரி உறங்கவில்லை. எப்போது கால் வரும் என்று தெரியாது, வந்தால் எடுக்காமல் போய்விடக் கூடாது என்று போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடப்பாள். அந்த மூன்று மாதத்தில் கல்லூரியில் இருந்து அவளுக்கு வந்த மெசேஜ் எல்லாம் அட்டெண்டென்ஸ் குறைவு, அசைன்மென்ட் பாக்கி, ஃபீஸ் கடைசித் தேதி. ஒருத்தர்கூட "அப்பா வந்தாச்சா?" என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு ஏற்பாடு இல்லை. இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது ரொம்ப உறுத்துகிறது.

பிற்பாடு எம்.எஸ்ஸி படிக்கும்போது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முன்னால் நின்று, 2020-லேயே, முதல் அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கல்லூரி மாணவர்களிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். யாரோடு இருக்கிறாய், கையில் பணம் போதுகிறதா, முன்பு எவ்வளவு நடந்தாய் ஓடினாய் இப்போது எவ்வளவு, குடி சிகரெட் கூடியதா குறைந்ததா, பாடச் சுமை எப்படி, இந்த வருடத்தை முடிக்க முடியாமல் போய்விடும் என்று பயமா, தனிமையாக இருக்கிறதா. படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். முடிவில் என்ன வந்தது என்பதைவிட அந்தக் கேள்விகள்தான் என்னைத் தொட்டன. 2020 மே மாதத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்த என்னிடம் இதில் ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

தோட்ட வேலைக்கு அனுமதி வந்ததும் அப்பா மறுபடி போக ஆரம்பித்தார். பால்வெட்டுக்கு விடியும் முன்னே போக வேண்டும். அப்பா மூன்று மணிக்கு எழுந்து, தானே கட்டன் காப்பி போட்டுக் குடித்துவிட்டு, நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நான் பிறந்ததில் இருந்து அப்படித்தான், ஆனால் அந்த நேரத்தில் நான் முழித்திருந்து பார்த்தது கிடையாது. ஜூன் மாதம் ஒரு நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன், அப்பா அங்கே நிற்கிறார். மூன்று மணி. அவருக்கு நாள் தொடங்குகிறது, எனக்கு இன்னும் முந்தின நாளே முடியவில்லை.

"ஒறங்கல்லியா மக்களே?"

"இல்லப்பா, படிச்சேன்."

பொய் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளரை எடுத்து அதில் பாதி ஊற்றி என் பக்கம் தள்ளி வைத்தார். கருப்பட்டி போட்டது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் குடித்தோம். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரம் போயிருக்கும், கிளம்பும்போது வாசலில் நின்று, "சும்மா முழிச்சுதானே கெடக்க, எங்கூட வா, சிரட்டை தொடைச்சுத் தரலாம்" என்றார்.

போனேன். இருட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் முன்னே போகிறது, நான் பின்னால். அப்பா ஒவ்வொரு மரத்திலும் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார், கத்தியை வைத்து மேலிருந்து கீழே சரிவாக ஒரே இழுப்பு, தோல் நூல் மாதிரி சுருண்டு விழும், வெட்டின கோட்டில் பால் பொட்டுப் பொட்டாக வெளுத்து, கூடி, ஓடி, சிரட்டையில் சொட்டும். முன்னூறு மரம். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டேன், வெயில் ஏறினால் மரம் பால் விடாது, ஓட்டம் சீக்கிரம் நின்றுவிடும் என்றார். காலேஜ் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும், மரத்துக்குள் தண்ணீரின் அழுத்தம் விடியும் முன்னால்தான் அதிகம், வெயில் வந்து இலை நீரை விட ஆரம்பித்ததும் குறையும். பாடத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஏழு மணி, முகத்தில் வெயில். வந்ததும் பசி, உண்மையான பசி, புட்டும் பயறும் தின்றேன். வகுப்பை முழுசாகக் கேட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் தானாகச் சொருகியது. ஒரே நாளில் சரியாகவில்லை, மூன்று வாரம் ஆனது, மழை நாளில் வெட்டு இல்லாமல் போனால் மறுபடி போனைத் தேடும். ஆனால் ஆகஸ்டில் மாதம் ஒழுங்குக்கு வந்தது, தம்பியிடம் சண்டை குறைந்தது. நம் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் தினமும் திருத்தி வைக்கிறது என்பதையும், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமான நடையோ அதற்குச் சமமான வேலையோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த நவம்பரில் மறுபடி எடுத்துச் சொன்னதையும் பிறகு படித்தேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை ராத்திரி முழிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது, திட்டாமல் கூட்டிக்கொண்டு போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு அது இன்னும் கனமாகவே இருக்கிறது.

2021 மே, இரண்டாவது அலை. எங்கள் வீட்டில் எப்போதும் ரப்பர் ஷீட் வாசனை இருக்கும், பின்புறம் அயையில் காயப்போட்டிருக்கும், வெளியாளுக்குக் குமட்டும், எங்களுக்கு அது வீட்டு வாசனை. ஒரு நாள் காலை எழுந்தால் அந்த வாசனை இல்லை. ஷீட்டை எடுத்து மூக்கோடு வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாசலில் தாள் ஒட்டுவார்கள், தெருவைக் கம்பு கட்டி அடைப்பார்கள், அப்பாவைத் தோட்டத்தில் ஏற்றமாட்டார்கள், ஊரில் எங்கள் வீட்டைக் காட்டிப் பேசுவார்கள். கடைசி செமஸ்டர் பரீட்சை வேறு பக்கத்தில் இருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லித் தனியாகப் படுத்துக்கொண்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மச்சி ஊசி போட்டிருக்கவில்லை. நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து ஏப்ரல் 17 அன்று இறந்தபோது, ஊசிதான் காரணம் என்று பரவின பேச்சில் பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டாள். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள், யார் காதில் ஏறியது.

மூன்றாம் நாள் அம்மச்சிக்குக் காய்ச்சல்.

அப்போதுதான் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் வலித்தது. டெஸ்டில் எனக்கும் அம்மச்சிக்கும் பாசிட்டிவ். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மச்சியின் சுருங்கிப்போன விரலில் அந்தக் கிளிப்பை மாட்டி, எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எட்டு நாள். 95-ஐ விட்டு இறங்கவில்லை. பிழைத்துவிட்டாள், அப்புறம் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டாள். ஆனால் எங்கள் வீட்டில் நடக்காமல் போனது, பக்கத்து வீடுகளில் நடந்தது.

படித்த பிள்ளை, வேதியியல் படித்த பிள்ளை, நோய் எப்படிப் பரவும் என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை மறைத்தேன். அந்த வயதில் எங்களுக்குத் தகவல் நிறைய இருந்தது. கை கழுவ எத்தனை வினாடி என்று போனில் காலர் டியூனே சொல்லும். சொன்னால் என் வீட்டுக்கு என்ன ஆகும் என்ற பயத்துக்குப் பதில் மட்டும் எங்குமே இல்லை. இன்றைக்கு ஒரு மாணவி எதையாவது மறைத்தால் எனக்கு அந்த இரண்டு நாள்தான் ஞாபகம் வரும், அதனால் ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன், சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தாய் என்று கேட்பேன்.

பெருந்தொற்றின் முதல் வருடத்தில் மட்டும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் சுமார் 25 சதவீதம் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது, இளையவர்களும் பெண்களும்தான் அதிகம் அடிபட்டார்கள் என்றும் சொன்னது. 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தார்கள். அது முடிந்த தேதி எங்களுக்குத் தெரியும். நாலு மணி உறக்கம் முடிந்த தேதி அந்த லேப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. கல்லூரியில் வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கூப்பிடும்போது முதலில் உறக்கத்தையும் சாப்பாட்டையும் கேளுங்கள், அதற்குக் கவுன்சிலர் பட்டம் வேண்டாம். உங்களால் தாங்க முடியாத ஒன்றை அந்தப் பிள்ளை சொன்னால் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். நீங்களே பக்கத்தில் இருந்து கூப்பிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது, எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் கூப்பிடுவதில்லை என்பது என் அனுபவம்.

அந்தப் பிள்ளைக்குத் தோவாளைப் பக்கம் வீடு. அவளுக்கு என்னால் பால்வெட்டு கொடுக்க முடியாது. காலை முதல் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வா, நானும் அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறேன், சேர்ந்து நடக்கலாம் என்றேன். ராத்திரி போனை அம்மாவிடம் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லவில்லை, அது எனக்கே முடியாமல் இருந்தது. நாலு நாளாக நடக்கிறோம். முதல் இரண்டு நாள் எனக்காக வந்தாள், நேற்று எனக்கு முன்னாலேயே வந்து நிழலில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று கேட்டேன்.

"ரெண்டரை மிஸ்."

"காலையில என்ன தின்ன?"

"ரெண்டு இட்லி. நேரமாச்சு, சாம்பார் ஊத்திக்கல்ல."

நாளைக்கு ஊற்றிக்கொண்டு வா என்றேன்.